தேய்மானம் என்ற ஒரு வார்த்தை



பி.காம். படிக்கும் யாரை எழுப்பிக் கேட்டாலும் தேய்மானம் என்றால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். ஒரு முதலாளி இயந்திரம் வாங்குகிறார். வருடா வருடம் அது தேய்கிறது, மதிப்பு குறைகிறது. அந்தக் குறைவைச் செலவாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு வருடத்துக்கு 15 சதவீதம். பரீட்சையில் 8 மார்க் கேள்வி. அவ்வளவுதான்.

இதே வார்த்தை புழங்கும் இன்னொரு இடம் ஆஸ்பத்திரி. "கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கு", "தண்டுவடத்துல தேய்மானம்", "ஜவ்வு விலகியிருக்கு". செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், கையில் பெரிய ஸ்கேன் கவரோடு இப்படிப் பேசிக்கொண்டு போகிறவர்கள் இரண்டு பேரையாவது பார்க்கலாம். முந்தின நாள் வரை குடம் தூக்கிய அம்மா, இந்த வார்த்தையைக் கேட்ட மறுநாள் முதல் குனியவே பயப்படுகிறார். "எலும்பு தேய்ஞ்சு போச்சாம், இனி அவ்வளவுதான்" என்று வீடே முடிவு செய்துவிடுகிறது.

இரண்டு தேய்மானமும் ஒன்றுதானா? உடம்பு என்பது கிரைண்டர் மாதிரி, ஓட ஓடத் தேய்ந்து கடைசியில் காயலான் கடைக்குப் போகிற பொருளா? இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். முதுகு வலிக்கும் கை வலிக்கும் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், வலிக்கிறவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். அதை இங்கே பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

வலி இல்லாதவர் யார்?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு நடை போய் வந்தால் தெரியும். பாலாற்றுப் பக்கத்து வயல்களில் நாற்று நடும் பெண்கள், காலையில் குனிந்தால் நிமிர்வதே சாப்பாட்டு நேரத்தில்தான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒரு ஆள் முதுகில் ஏறுகிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாள் பூராவும் நின்றபடி வேலை. மகிந்திரா சிட்டியிலும் சிறுசேரியிலும் அதற்கு நேர் எதிர், நாள் பூராவும் உட்கார்ந்தபடி வேலை. தேவனேரி, கொக்கிலமேடு பக்கம் போனால் வலை இழுத்து இழுத்தே தோள் இறுகிப்போன மீனவர்கள். அவர்கள் பிடித்த மீனை அன்னக்கூடையில் வைத்துத் தலையில் சுமந்து விற்கும் பெண்களுக்குக் கழுத்து வலி. காலை மின்சார ரயிலில் செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரை வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும் கூட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இது இந்த ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. 2050-ல் இது 84 கோடியைத் தாண்டும் என்று அதே ஆய்வு கணிக்கிறது. மனிதர்களை வருடக்கணக்கில் முடக்கிப்போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் சர்க்கரைக்கும் இல்லை, இதய நோய்க்கும் இல்லை, இந்த இடுப்பு வலிக்குத்தான். உயிரை எடுப்பதில்லை என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

படம் சொல்வதும் சொல்லாததும்

சரி, படத்துக்கு வருவோம்.

2015-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று. வெவ்வேறு நாடுகளில் 3,110 பேருக்கு எடுத்த ஸ்கேன்களின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இதில் முக்கியமான விஷயம், இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது. நன்றாக இருப்பவர்கள். ஆனால் அவர்களில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். தட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம்.

அதாவது, வலியே இல்லாத கல்லூரிப் பையன்கள் பத்துப் பேரைப் பிடித்து ஸ்கேன் எடுத்தால் மூன்று, நான்கு பேருக்கு "தேய்மானம்" என்று ரிப்போர்ட் வரும். தலையில் நரை விழுவதுபோல முதுகுத் தட்டிலும் வயது தெரிகிறது. நரைக்கு யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லையே!

இதனால் ஸ்கேனே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அது தேவைப்படும் நேரங்கள் இருக்கின்றன, கீழே வருகிறது. ஆனால் இடுப்பு வலியில் சுமார் 90 சதவீதம், இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று படத்தைக் காட்டிக் குற்றம் சாட்ட முடியாத வகை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வலி நிஜம்தான். தசை, மூட்டு, தூக்கமின்மை, கவலை, வேலைச் சுமை எல்லாம் கலந்து வருகிற வலி. இவற்றில் பாதியைப் படம் பிடிக்க எந்த மெஷினும் இல்லை.

ஜவ்வு விலகல் என்று சொல்வதிலும் ஒரு ஆறுதல் உண்டு. அந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தி, கால் முழுக்க மின்சாரம் பாய்ந்தது போல வலித்தாலும், பலருக்கும் சில வாரங்களில் வலி குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. கிரைண்டரில் தேய்ந்த பல்சக்கரம் தானாக வளருமா? வளராது. உடம்புக்கு அந்த வசதி இருக்கிறது.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

இத்தாலியில் பெர்னார்டினோ ரமசீனி என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதுதான் அது. எழுத்தர்களுக்கு வரும் நோய்க்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார்: ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி ஓயாமல் அசைப்பது, கணக்கில் தப்பு வந்துவிடுமோ என்கிற மன அழுத்தம். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பேச்சு இது. ஆனால் ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

இந்தக் கேள்வியின் அருமை புரிய இன்னொரு கதை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் என்ற ஊர் சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர் போனது. அங்கே கல் செதுக்குகிறவர்கள் காற்றழுத்தச் சுத்தியலுக்கு மாறினார்கள். வேலை வேகமானது. கூடவே குளிர்காலக் காலை நேரங்களில் அவர்கள் விரல்கள் வெள்ளை வெளேர் என்று வெளுத்து மரத்துப்போகத் தொடங்கின. 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் நேரில் போய்ப் பார்த்தார். உளியைப் பிடிக்கிற இடது கை விரல்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. கருவியின் அதிர்வு விரலின் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது என்பது அப்படித்தான் ஆதாரத்தோடு வெளியே வந்தது. ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்குமா?

இப்போது மாமல்லபுரத்துக்குத் திரும்புவோம். ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் பல்லவர் காலச் சிற்பிகள் உளியும் சுத்தியலும் வைத்துச் செதுக்கினார்கள். கடற்கரைக் கோயில் உள்ளிட்ட சின்னங்கள் 1984-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1957 முதல் அங்கே சிற்பக் கலைக்கு அரசுக் கல்லூரி இருக்கிறது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் உளிச் சத்தத்தோடு கட்டிங் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. கருங்கல்லை அறுப்பதும் தேய்ப்பதும் மெஷினில் நடக்கிறது, நுணுக்க வேலைக்கு உளி. தரையில் குத்துக்காலிட்டோ சம்மணம் போட்டோ உட்கார்ந்து, முதுகை வளைத்து, ஒரு கையில் அதிர்வையும் இன்னொரு கையில் அடியையும் வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக வேலை.

குறியீடு கல்லுக்குக் கிடைத்தது. கல்லைச் செதுக்குகிற கைக்கு என்ன கிடைத்தது?

வெயில் ஊர் என்பதால் இந்தியானாவில் பார்த்தது போல விரல் வெளுப்பது இங்கே அவ்வளவாகத் தெரியாது. அதனாலேயே இது கண்ணில் படாமல் போகிற ஆபத்தும் உண்டு. ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, பிடி தளர்வது. இவைதான் அடையாளங்கள். மெஷினைத் தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே வேறு வேலைக்கு மாறுவது, தேய்ந்து ஆட்டம் கண்ட பிளேடை உடனே மாற்றுவது, தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது, புகை பிடிப்பதை விடுவது, சிலையைத் தரையிலிருந்து மேடைக்கு ஏற்றி முதுகை நிமிர்த்தி வேலை செய்வது. இவற்றில் எதற்கும் ஸ்கேன் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்காதவருக்கு இது எதுவுமே தோன்றாது.

எந்த விரல் மரத்துப்போகிறது?

கை வலி என்று பொதுவாகச் சொன்னாலும், எந்த இடம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சாதாரணமாக வருகிறவை இவை:

* கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போய், ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்து, கையை உதறினால் சரியாவது போல இருந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்படலாம். துணி பிழிகிறவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், தைராய்டு உள்ளவர்களுக்கு இது அதிகம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குவதே பலருக்கு நல்ல முதல் சிகிச்சை.
* சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் முழங்கையில் ஓடும் நரம்பைப் பார்க்க வேண்டும். கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவது, மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றுவது போன்றவை காரணமாகலாம்.
* முழங்கையின் வெளிப்பக்கம் வலித்து, பாத்திரத்தைத் தூக்கினால் சுருக்கென்றால், டென்னிஸ் ராக்கெட்டையே பார்க்காதவருக்கும் வருகிற "டென்னிஸ் எல்போ". சுத்தியல் பிடிக்கிறவர்களுக்கும் வரும், ஸ்க்ரூ டிரைவர் திருப்புகிறவர்களுக்கும் வரும்.
* தோளைத் தூக்க முடியாமல், தலை வாரவும் சட்டை போடவும் கஷ்டமாக இருந்தால் தோள் இறுக்கம். சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம். பயந்துபோய் அசைக்காமலே வைத்திருந்தால் இன்னும் இறுகும்.
* கழுத்தில் தொடங்கிக் கை வழியாகச் சுரீரென்று இறங்கினால் கழுத்து நரம்பு.

சுண்டு விரல் விஷயத்தில் செங்கல்பட்டுக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு காரணமும் உண்டு. தொழுநோய். முழங்கையில் ஓடும் அந்த நரம்பைத் தடிக்க வைத்து, சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கிவிடும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும். மருந்து இலவசம், குணமாகிற நோய். மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் செங்கல்பட்டு திருமணியில்தான் இருக்கிறது.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, வலியைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் விடக்கூடாது. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார். 1947-ல் தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். பலமே இருக்காது என்று நினைத்தார். ஆனால் அந்தப் பிடி அவருக்கு வலிக்கிற அளவுக்குப் பலமாக இருந்தது! செத்துப்போனதாக நினைத்த கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன என்று அந்த நிமிடத்தில் புரிந்தது. நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்ததற்கு இதுதான் தொடக்கம்.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் நேரடியாகத் தின்றுவிடுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு வேலை செய்கிறார்கள், விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. வலி என்பது யாருமே விரும்பாத ஒரு வரம் என்ற பொருளில் 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

வலி காவல்காரன் மாதிரி. அவன் கத்தினால் என்னவென்று வெளியே போய்ப் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கி அவன் வாயை அடைத்துவிட்டு, மறுபடி அதே மூட்டையை அதே மாதிரி தூக்கினால் என்ன ஆகும்? வலி மாத்திரையே கூடாது என்று சொல்வதற்கில்லை. சில நாட்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் மாதக்கணக்காகத் தானாகவே வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் சேதம். என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத பொடிகளைச் சாப்பிடுவது அதைவிட மோசம்.

படுத்துக்கொண்டால் சரியாகுமா?

"நல்லா ரெஸ்ட் எடு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. 1986-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதுகு வலிக்காரர்கள் 203 பேர். ஒரு பகுதியினருக்கு 2 நாள் படுக்கை ஓய்வு, மற்றவர்களுக்கு 7 நாள். முடிவு? வலி குறைவதில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2 நாள் மட்டும் ஓய்வு என்று சொல்லப்பட்டவர்கள் எடுத்த லீவு 45 சதவீதம் குறைவு. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. தாங்க முடியாத வலி என்றால் ஒரு நாள், இரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் எழுந்து நடமாடுவதுதான் மருந்து.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றி நோயாளிக்குப் புரிய வைத்தல், மனரீதியான ஆதரவு போன்றவை பட்டியலில் இருக்கின்றன. வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பட்டியலில் இருப்பவை எவை தெரியுமா? இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன். இங்கே பலர் முதலில் காசு கொடுத்து வாங்குவதே பெல்ட்தான்!

அப்படியானால் என்ன செய்யலாம்? தினமும் நடை. வயிறு, முதுகு, பிட்டம், தோள்பட்டைத் தசைகளுக்கு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி. அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்த நிலையை மாற்றுவது. சுமையை உடம்போடு அணைத்துத் தூக்குவது, தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருகாமல் இருப்பது. பாட்டி தேய்த்துவிடும் எண்ணெயும் வெந்நீர் ஒத்தடமும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதனால் உடம்பு தளர்ந்தால் அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்யலாம், எண்ணெயை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. எந்தப் பயிற்சி யாருக்கு என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வது நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது. நடக்க முடியாத தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

மேலே சொன்னதை எல்லாம் படித்துவிட்டு எல்லா வலியையும் பயிற்சி சரி செய்துவிடும் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

* முதுகு வலியோடு சிறுநீர் வராமல் நின்றுபோவது, அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது. இது அவசர நிலை, மணிக்கணக்கு முக்கியம்.
* காலோ கையோ நாளுக்கு நாள் பலம் இழப்பது, நடை தடுமாறுவது.
* காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் ஓய்விலும் குறையாத வலி. முதுகெலும்பில் காசநோய் வருவது இந்தியாவில் அரிதான விஷயம் இல்லை. நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்திலேயே குணமாகும்.
* ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகு வலி.
* விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வரும் வலி. எலும்பு பலவீனமான வயதானவர்களுக்குச் சின்ன விழுதலும் போதும்.
* நெஞ்சு அழுத்தம், வியர்வையோடு இடது தோள், கை வலி. இது எலும்பு வலி இல்லை, இதயமாக இருக்கலாம்.

ஸ்கேன் இந்த மாதிரி நேரங்களுக்குத்தான்.

27 கிலோ கதை

கல்லூரி மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு படம் உண்டு. தலையை 60 டிகிரி குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் விழுகிறது என்று. 2014-ல் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்ன எண் அது, யார் கழுத்திலும் தராசு வைத்து அளந்தது இல்லை. 2018-ல் பிரேசிலில் 18 முதல் 21 வயது வரை உள்ள 150 பேரைப் பார்த்தபோது, குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை.

இதை அம்மாவிடம் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்! ஒரே நிலையில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் எந்த நிலையாக இருந்தாலும் கழுத்து முனகும். நேராக உட்கார்ந்து பார்த்தாலும்தான். குனிவதைவிட அசையாமல் கிடப்பதுதான் பிரச்சினை. கூடவே ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பதும்.

தேய்மானத்தை யார் கணக்கில் எழுதுவது?

இப்போது மறுபடி கணக்குப் பாடத்துக்கு வரலாம்.

ஒரு சிற்பக்கூட முதலாளி கட்டிங் மெஷின் வாங்கினால் அது தேய்வதை வருடா வருடம் செலவாக எழுதலாம், அந்த அளவுக்கு வரியும் குறையும். அதே மெஷினைப் பிடிக்கிற கை மரத்துப்போனால்? அது எந்தப் பேரேட்டிலும் வராது. அந்தச் செலவு சிற்பியின் வீட்டுக்குப் போகிறது. ஊசி, பெல்ட், ஸ்கேன், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, கடைசியில் அடகுக்கடை. ஜவுளிக்கடைப் பெண்ணின் இடுப்பு வலியும், மீன் விற்கும் அம்மாவின் கழுத்து வலியும் இதே கணக்குதான். லாபம் ஒரு பக்கம் எழுதப்படுகிறது, அதற்கான செலவு வேறு ஒருவர் உடம்பில் எழுதப்படுகிறது. அதைத் "தேய்மானம்" என்று சொல்லிவிட்டால், ஏதோ வயதானதால் தானாக வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளா 2018-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-ல் கொண்டுவந்தது. எந்த டாக்டரும் எழுதித் தராத சிகிச்சை இது. ஒரு ஸ்டூல்! ஆனால் அந்த ஒரு ஸ்டூல் செய்யும் நன்மையைப் பத்து ஊசி செய்யாது. ஸ்டூல் கடையில் இருக்கிறதா, இருந்தாலும் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறாரா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் இடுப்பு வலி குறையாதே.

சிற்பக்கூடத்தில் ஒரு மேடை, வயலில் நடவு இயந்திரம், மீன் கூடைக்கு ஒரு தள்ளுவண்டி, சிமெண்ட் மூட்டைக்கு இரண்டாவது ஆள், அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி. இவை எல்லாமே முதுகுக்கும் கைக்குமான மருத்துவம்தான். ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கிற மருத்துவம். கொடுக்க வேண்டியது மருத்துவர் மட்டும் இல்லை, வேலை வாங்குகிறவரும்தான்.

படிப்பை முடித்துவிட்டு வணிகவியல் மாணவர்களில் பலர் நாளைக்குக் கணக்காளர்களாக, மேலாளர்களாக, ஒருவேளை முதலாளிகளாகவும் உட்காரப் போகிறார்கள். இயந்திரத்தின் தேய்மானத்தைப் பைசா சுத்தமாக எழுதத் தெரிந்த அவர்கள், அதை ஓட்டுகிறவரிடம் "கை எப்படி இருக்கு அண்ணே? எவ்வளவு நேரமா இதைப் பிடிச்சிட்டிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு வருகிற பதிலைக் கேட்டு வேலையைக் கொஞ்சம் மாற்றியமைத்தால் இன்னும் நல்லது.

வீட்டில் யாராவது ஸ்கேன் கவரோடு வந்து "தேய்ஞ்சு போச்சாம்" என்று உட்கார்ந்தால், அந்தக் கவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை அவர் என்னென்ன தூக்குகிறார், எங்கே குனிகிறார், எப்போது உட்காருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அதையும் சொல்லச் சொல்லுங்கள்.